கால் படாத உச்சி: கெடிலக்கரையும் கயிலைப் பயணமும்

உயர்மலைப் பயணத்தில் உச்சி நாள் என்பது அதுவரை நடந்த நாள்களின் உழைப்பெல்லாம் வந்து குவியும் நாள். இருட்டோடு கிளம்பி, விடியும்போது ஏற்றத்தின் நடுவில் இருந்து, பிற்பகலில் காற்றும் பனியும் எழுமுன் இறங்கத் தொடங்கிவிட வேண்டும் என்பது உலகெங்கும் மலையேறிகள் கைக்கொள்ளும் ஒழுங்கு. கயிலைப் பயணத்துக்கும் அப்படி ஒரு நாள் உண்டு. ஆனால் அந்த நாளில் யாரும் கயிலையின் உச்சிக்குப் போவதில்லை. 6,638 மீட்டர் உயரமுள்ள அந்த மலையின் தலையில் மனிதர் கால் வைத்ததாக வரலாற்றுப் பதிவு இல்லை. மலையைச் சுற்றிச் செல்லும் சுமார் 52 கிலோமீட்டர் வலப்பாதையில் மிக உயர்ந்த இடம் 5,630 மீட்டரில் உள்ள டோல்மா லா கணவாய். அதைக் கடக்கும் நாளே கயிலைப் பயணத்தின் உச்சி நாள்.

இந்தப் பயணத்தின் தமிழ் வரலாறு மலையே இல்லாத ஒரு சமவெளியில் தொடங்குகிறது. கடலூரும் சிதம்பரமும் கடல்மட்டத்தைவிடச் சில மீட்டரே உயர்ந்தவை. கடலூரை ஒட்டிய செம்மண் மேட்டுக்குக் கேப்பர் மலை என்று பெயர். ஏறி முடிக்கச் சில நிமிடம் போதும். சிதம்பரத்தைச் சுற்றிக் கொள்ளிடமும் வெள்ளாறும் பாயும் வயல்வெளியில் கோபுரங்களைவிட உயரமாகக் கண்ணுக்குத் தெரிவது எதுவும் இல்லை. ஆனாலும் இமயத்தை நோக்கிக் கிளம்பிய ஒரு தமிழரின் பயணத்தைப் படிப்படியாகச் சொல்லும் பழைய கதையின் நாயகர் கெடில நதிக்கரையில் பிறந்தவர். அந்தக் கதை காப்பியமாக எழுதப்பட்ட இடம் சிதம்பரம்.

சமவெளியில் மலையின் நினைவு

கடலூர் நகரின் ஒரு பகுதியாகிய திருப்பாதிரிப்புலியூர், பழங்காலத்தில் பாடலிபுத்திரம் என்ற பெயருடன் சமணர்களின் பெரிய கல்வி இடமாக இருந்தது. ‘லோகவிபாகம்’ என்னும் சமண நூல் பாடலிகை என்ற ஊரில் சக ஆண்டு 380-இல், அதாவது கி.பி. 458-இல், காஞ்சி அரசன் சிம்மவர்மனின் 22-ஆம் ஆட்சியாண்டில் எழுதப்பட்டதாக அந்நூலே குறிப்பிடுகிறது. அந்தப் பாடலிகையை ஆய்வாளர்கள் திருப்பாதிரிப்புலியூராகக் கொள்கிறார்கள். சர்வநந்தி பிராகிருதத்தில் இயற்றிய மூலம் இன்று இல்லை. சிம்மசூரி செய்த வடமொழி வடிவமே எஞ்சியிருக்கிறது. உலகின் அமைப்பை விளக்கும் நூல் அது. மேரு முதலான மலைகளுக்கும், கடல்களுக்கும், தீவுகளுக்கும் அளவு கூறி அடுக்குவது அதன் வேலை. மலையைக் காண முடியாத கடற்கரை ஊரில் உலகத்து மலைகள் எண்ணிக் கணக்கிடப்பட்டன.

சமணர்களுக்குக் கயிலை அன்னியமான மலையும் அல்ல. முதல் தீர்த்தங்கரராகிய ரிஷபதேவர் வீடுபேறு அடைந்த அஷ்டாபதம் என்னும் மலையை மரபு கயிலையோடு சேர்த்துப் பேசுகிறது. பௌத்தர்களுக்கு அது காங் ரின்போச்சே. திபெத்தின் பழைய போன் சமயத்தாருக்கும் புனித மலை. இந்துக்களும் பௌத்தர்களும் மலையை வலமாகச் சுற்ற, போன் சமயத்தார் இடமாகச் சுற்றுகிறார்கள்.

கெடிலக்கரையில் இமயத்தின் நினைவு வைணவத்திலும் உண்டு. கடலூரை அடுத்த திருவந்திபுரத்தில் தேவநாதப் பெருமாள் கோயிலுக்கு எதிரே உள்ள குன்று ஔஷதகிரி. அனுமன் சஞ்சீவி மலையைத் தூக்கிச் சென்றபோது உதிர்ந்த துண்டு இது என்பது தலபுராணம். குன்றின் மேல் ஹயக்ரீவர் சன்னிதி இருக்கிறது. ஏறிச் செல்ல 74 படிகள். வேதாந்த தேசிகர் தவமிருந்த இடமாக வைணவர்கள் இதைப் போற்றுகிறார்கள்.

நாவுக்கரசர் போன வழி

திருநாவுக்கரசர் ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்தவர். பண்ருட்டிக்கு அருகிலுள்ள திருவாமூரில் பிறந்தார், இயற்பெயர் மருணீக்கியார். இளமையில் திருப்பாதிரிப்புலியூர்ச் சமணப் பள்ளியில் சேர்ந்து தருமசேனர் என்ற பெயரோடு தலைமை நிலைக்கு உயர்ந்தார். சூலை நோய் வந்தபின், கெடிலக்கரைத் திருவதிகையில் தொண்டு செய்துவந்த தமக்கை திலகவதியாரிடம் திரும்பிச் சைவரானார். கல்லோடு கட்டிக் கடலில் எறியப்பட்டவர் அந்தக் கல்லே தெப்பமாக மிதந்து கரை சேர்ந்தார் என்கிறது பெரியபுராணம். கடலூருக்கு அருகே கரையேறவிட்டகுப்பம் என்ற ஊர்ப்பெயர் அந்தக் கதையை இன்றும் சுமக்கிறது. கயிலையைப் புனிதமாகக் கொண்ட இரண்டு சமயங்களிலும் வாழ்ந்தவர் அவர்.

முதுமையில் அவர் காளத்தியை வழிபட்டார். தென்கயிலாயம் எனப்படும் அந்தத் தலத்தில்தான் வடகயிலையைக் காண வேண்டும் என்ற வேட்கை எழுந்தது. அங்கிருந்து திருப்பருப்பதம் என்ற சிறீசைலம், பிறகு தெலுங்கு நாடு, கன்னட நாடு, மாளவம், இலாடம், மத்திய தேசம், கடைசியில் வாரணாசி என்று பெரியபுராணத்தை இயற்றிய சேக்கிழார் வழியை வரிசைப்படுத்துகிறார். மாளவம் இன்றைய மத்தியப் பிரதேசத்தின் மேற்குப் பகுதி; இலாடம் தென் குஜராத். நேர்வழி இல்லை இது; தக்காணத்தை மேற்காகச் சுற்றிக் கங்கைச் சமவெளியில் இறங்கும் பாதை.

காசியில் உடன் வந்தவர்களை நிறுத்திவிட்டு அவர் தனியே வடக்கே நடந்தார். அதன்பின் ஒவ்வொன்றாக விட்டுப் போகிறது. முதலில் துணை. பிறகு உணவு: இலையும் காயும் கிழங்கும்கூட வேண்டாம் என்று தள்ளி, இரவு பகல் பாராமல் நடந்தார். பாதம் தேய்ந்து நடக்க முடியாமல் போனபோது கைகளை ஊன்றித் தவழ்ந்தார். கைகளும் தேய்ந்தபின் மார்பால் ஊர்ந்தார். மார்பும் நைந்தபின் உருண்டார். உறுப்பெல்லாம் ஓய்ந்து அசைவற்றுக் கிடந்த இடத்தில் ஒரு முனிவர் எதிர்ப்பட்டு, இது மானிடர் சேரக்கூடிய இடம் அல்ல, திரும்புவதே தகும் என்றார். கயிலையைக் காணாமல் இந்த உடலோடு திரும்பமாட்டேன் என்பது நாவுக்கரசரின் மறுமொழி. முனிவர் மறைந்தார், எழுந்திரு என்ற குரல் கேட்டது, உடல் பழையபடி நலம் பெற்றது. அருகிலிருந்த குளத்தில் முழுகித் திருவையாற்றில் எழுந்து கயிலைக் கோலத்தைக் காணுமாறு ஆணை வந்தது.

காவிரிக்கரைத் திருவையாற்றுக் குளத்தில் எழுந்தவர் கண்முன், களிறும் பிடியும், சேவலும் பெடையும் என்று எல்லா உயிர்களும் இணை இணையாக வந்தன. அவற்றில் சிவனையும் சத்தியையும் கண்டார். தேவாரத்தில் அவர் பாடிய திருவையாற்றுப் பதிகம் இந்தக் காட்சியைச் சொல்கிறது. கயிலைக்கென்று அவர் பாடிய போற்றித் திருத்தாண்டகங்களும் உண்டு.

உச்சியைத் தேடிப் போனவர் உச்சிக்குப் போகாமலே திரும்பியதாக ஒரு சமயக் காப்பியம் சொல்வது கவனிக்கத்தக்கது. கதையில் அது தோல்வியாகச் சொல்லப்படவில்லை. மலை தன் இடத்திலேயே இருக்க, காட்சி சோழநாட்டுக்கு இறங்கி வந்தது.

மிதிக்கலாகாத இடம்

தமிழ்ச் சைவ மரபில் கயிலைக்குப் போனவர்களாகச் சொல்லப்படும் மற்றவர்களும் அதைக் காலால் மிதிக்கவில்லை. காரைக்கால் அம்மையார், இறைவன் இருக்கும் மலையில் அடி வைக்க அஞ்சித் தலையால் நடந்து ஏறினார். சுந்தரர் திருவஞ்சைக்களத்திலிருந்து வெள்ளை யானை மீது சென்றார். அவரைத் தொடர்ந்து சேரமான் பெருமாள், குதிரையின் செவியில் ஐந்தெழுத்தை ஓதி அதன்மேல் ஏறிச் சென்றார். சுந்தரரின் குருபூசை ஆடிச் சுவாதியில் நடப்பது இந்த நிகழ்வை ஒட்டித்தான்.

இதே எண்ணம் சமவெளி ஊரொன்றிலும் செயல்பட்டது. பழைய தென்னார்க்காடு மாவட்டத்துத் திருநாவலூரில் பிறந்த சுந்தரர், திருவதிகைக்கு வந்தபோது ஊருக்குள் நுழையவில்லை. நாவுக்கரசர் உழவாரத் தொண்டு செய்த மண்ணைக் காலால் மிதிக்கத் தயங்கி, வெளியே சித்தவட மடத்தில் இரவு தங்கினார் என்கிறது பெரியபுராணம். கயிலைக்கு உரிய மரியாதை, கயிலையைத் தேடிப் போனவரின் ஊருக்கும் கிடைத்தது.

கடலூர், சிதம்பரம் வட்டாரத்து மக்கள் பௌர்ணமிதோறும் செல்லும் திருவண்ணாமலையிலும் இந்த வழக்கம் வேரூன்றியிருக்கிறது. அங்கே மலையே இறைவன். ஆகவே 14 கிலோமீட்டர் கிரிவலமே பெருவழக்கு. கார்த்திகை தீபத்துக்காக 2,668 அடி உயர மலைமேல் ஏறுவதும் உண்டு. ஆனால் திருவிழா முடிந்தபின், மலையில் கால் பட்டதற்குக் கழுவாயாகப் பிராயச்சித்த பூசை நடத்தப்படுகிறது.

சுந்தரரும் சேரமானும் கயிலை செல்லும் காட்சி, சேக்கிழாருக்கு ஒரு நூற்றாண்டுக்கும் முன்பே தஞ்சைப் பெரிய கோயிலின் கருவறையைச் சுற்றிய இருண்ட நடையில் ஓவியமாகத் தீட்டப்பட்டது. பின்னாளில் அதன்மேல் நாயக்கர் கால ஓவியம் பூசப்பட்டு, சோழர் ஓவியம் மறைந்து கிடந்தது. 1931-இல் அதைக் கண்டறிந்து உலகுக்குச் சொன்னவர் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ்.கே. கோவிந்தசாமி. தில்லைக் கூத்தனை அரசர் வழிபடும் காட்சியும் அதே நடையில் இருக்கிறது. கயிலையும் தில்லையும் ஒரே ஓவிய வரிசையில் அமைந்தன.

தில்லை: ஏடும் வழியும்

கயிலைப் பயணம் பற்றிய தமிழ் நினைவு அழியாமல் நின்றதில் சிதம்பரத்தின் பங்கு பெரிது. மூவர் பாடிய பதிகங்களின் ஏடுகள் தில்லைக் கோயிலில் ஓர் அறையில் பூட்டிக் கிடந்தன என்றும், இராசராசன் காலத்தில் நம்பியாண்டார் நம்பி அவற்றைக் கரையானிடமிருந்து மீட்டு முறைப்படுத்தினார் என்றும் மரபு கூறுகிறது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் இரண்டாம் குலோத்துங்கன் ஆட்சியில் குன்றத்தூர்ச் சேக்கிழார் தில்லைக்கு வந்து, ஆயிரக்கால் மண்டபத்தில் இருந்து பெரியபுராணத்தை இயற்றினார். ஒரு சித்திரைத் திருவாதிரையில் தொடங்கிய அரங்கேற்றம் அடுத்த சித்திரைத் திருவாதிரையில் நிறைவடைந்தது.

அந்த நூலில் கயிலைக்கு மேலேறும் வழி ஒன்றும், கயிலையிலிருந்து கீழிறங்கும் வழி ஒன்றும் இருக்கின்றன. ஏறும் வழி நாவுக்கரசருடையது. இறங்கும் வழி திருமூலருடையது. கயிலையிலிருந்து புறப்பட்ட அந்தச் சிவயோகி திருக்கேதாரம், நேபாளத்துப் பசுபதி, காசி, திருப்பருப்பதம், காளத்தி, திருவாலங்காடு, காஞ்சி, திருவதிகை, தில்லை என்று வழிபட்டுக்கொண்டு காவிரியைக் கடந்து திருவாவடுதுறை சேர்ந்தார். கேதாரம், பசுபதிநாதம், காசி, சிறீசைலம், காளத்தி ஆகியவை இன்றும் யாத்திரிகர்கள் போகும் இடங்கள். ஆக, கடலூர் மாவட்டத்தின் திருவதிகையும் சிதம்பரமும் இமயத்திலிருந்து காவிரிவரை நீண்ட ஒரு யாத்திரைச் சங்கிலியின் கண்ணிகளாகப் பன்னிரண்டாம் நூற்றாண்டிலேயே எண்ணப்பட்டிருந்தன.

பதினேழாம் நூற்றாண்டில் குமரகுருபரர் அந்தச் சங்கிலியை மறுபடியும் வடக்கே இழுத்தார். சிதம்பரத்தில் தங்கி அத்தலத்தின் மேல் சிற்றிலக்கியங்கள் பாடியவர், பின்னர் காசிக்குச் சென்று கேதார் துறையில் மடம் நிறுவினார். காசிவரை போய் நிற்பது தமிழ் யாத்திரிகர்களுக்கு வழக்கமாயிற்று. அதற்கு அப்பால் கயிலைக்குச் செல்வது துறவிகளுக்கும் வெகு சிலருக்கும் மட்டுமே கூடியது. மற்றவர்களுக்குத் திருவையாறு இருந்தது. ஆடி அமாவாசையன்று அங்கே, அப்பர் என்றும் அழைக்கப்படும் நாவுக்கரசரின் கயிலைக் காட்சி விழா நடக்கிறது. பகலில் தீர்த்தவாரி, இரவில் ஐயாறப்பர் கோயிலில் கயிலைக் காட்சி. ஆடி மாதம் கயிலைப் பகுதியில் கணவாய்கள் திறந்திருக்கும் பருவமும் ஆகும்.

வழி திறந்ததும் அடைத்ததும்

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இந்திய யாத்திரிகர்கள் அல்மோராவிலிருந்து நடந்து, லிப்புலேக் கணவாயைக் கடந்து திபெத்துக்குள் இறங்கினார்கள். 1928 முதல் பலமுறை அங்கே சென்று தங்கிய சுவாமி பிரணவானந்தர், பாதைகளையும் தூரங்களையும் தொகுத்து 1949-இல் வெளியிட்ட நூல் பின்னால் வந்தவர்களுக்குக் கையேடாயிற்று. 1954 ஏப்ரல் 29 அன்று இந்தியாவும் சீனாவும் செய்துகொண்ட உடன்படிக்கை, யாத்திரிகர்கள் வழக்கப்படி கயிலைக்கும் மானசரோவருக்கும் போய்வர இடம் தந்தது. 1962-இல் அதன் காலம் முடிந்தது, அதே ஆண்டில் போரும் வந்தது, பாதை அடைபட்டது.

1981-இல் யாத்திரை மீண்டும் தொடங்கியது. இம்முறை வெளியுறவு அமைச்சகம் விண்ணப்பம் பெற்று, குழு குழுவாக அனுப்பும் ஏற்பாடு. 1998 ஆகஸ்டில் குமாவோனின் மால்பா என்ற இடத்தில் இரவில் ஏற்பட்ட நிலச்சரிவு 200-க்கும் மேற்பட்டோரைப் புதைத்தது. அவர்களில் சுமார் 60 பேர் யாத்திரிகர்கள். 2012-இல் தமிழ்நாடு அரசு, ஆண்டுக்கு 250 யாத்திரிகர்களுக்குத் தலா 40,000 ரூபாய் மானியம் அறிவித்தது. 2015-இல் சிக்கிமின் நாதுலா வழியும் திறந்தது. 2020-இல் பெருந்தொற்றால் நின்ற யாத்திரை, எல்லைப் பதற்றமும் சேர்ந்ததால் ஐந்தாண்டுகள் நடக்காமல் இருந்து, 2025 கோடையில் மறுபடியும் தொடங்கியது.

டோல்மா லா நாள்

இந்திய அரசின் குழுவில் செல்பவர் 18 முதல் 70 வயதுக்குள் இருக்க வேண்டும். டெல்லியில் ஒரு மருத்துவப் பரிசோதனை. லிப்புலேக் வழியில் 3,200 மீட்டர் உயரமுள்ள குஞ்சியில் இன்னொன்று. இரண்டாவதன் நோக்கம் உடல் உயரத்துக்கு எப்படிப் பழகுகிறது என்று பார்ப்பது. இரத்த அழுத்தம் ஏறியவர்கள் அங்கிருந்தே திருப்பி அனுப்பப்படுவதும் உண்டு. கடற்கரைச் சமவெளியில் வளர்ந்த உடலுக்கு இந்தப் பரிசோதனை மிகவும் தேவை.

காரணம் காற்றழுத்தம். உயரம் கூடக் கூட அழுத்தம் குறைகிறது. 5,500 மீட்டர் அளவில் கடலூர்க் கடற்கரையில் இருப்பதில் பாதிதான். காற்றில் ஆக்சிஜனின் விகிதம் மாறுவதில்லை. ஆனால் ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே போகும் அளவு பாதியாகிறது. தலைவலி, குமட்டல், தூக்கமின்மை, பசியின்மை ஆகியவை முதல் அறிகுறிகள். பொருட்படுத்தாமல் மேலே ஏறினால் நுரையீரலில் நீர் கோக்கலாம், மூளை வீங்கலாம். இரண்டுமே உயிரைப் பறிக்கக்கூடியவை. உடனே கீழிறங்குவதே முதன்மையான மருந்து.

மலைவலம் மூன்று நாள். முதல் நாள் தார்ச்சென் ஊரிலிருந்து யமதுவாரம் வழியாக லா சூ ஆற்றின் பள்ளத்தாக்கில் நடந்து திராபுக்கை அடைகிறார்கள். கயிலையின் வடமுகம் முழுவதும் தெரியும் இடம் அது. கிட்டத்தட்ட 5,000 மீட்டர் உயரம். பலருக்கு அன்றிரவு தூக்கம் வராது. இரண்டாம் நாளே உச்சி நாள். பொழுது விடியுமுன் கைவிளக்கோடு நடை தொடங்குகிறது. பிற்பகலில் பனிக்காற்று எழும் என்பதாலும், அதிகாலையில் பனி இறுகியிருந்து கால் புதையாது என்பதாலும் இந்த அவசரம். உயர வேறுபாடு சுமார் 650 மீட்டர்தான்; ஆனால் பத்தடிக்கு ஒருமுறை நின்று மூச்சு வாங்க வேண்டியிருக்கும்.

ஏற்றத்தின் நடுவில் திபெத்தியர் இடுகாடாகக் கருதும் சிவஸ்தலம் வருகிறது. யாத்திரிகர்கள் அங்கே தங்கள் பழைய ஆடையையோ, முடிக்கற்றையையோ விட்டுச் செல்கிறார்கள். பழைய உடலை அங்கேயே விட்டுவிட்டதாகப் பொருள். யமதுவாரத்தில் நுழைந்து, இங்கே உடலைக் களைந்து, கணவாயில் மறுபிறவி எடுப்பதாக அந்தப் பாதை எண்ணப்படுகிறது. நாவுக்கரசர் உடல் தேய்ந்து, புத்துடலோடு எழுந்த கதையை அறிந்த தமிழருக்கு இதற்கு விளக்கம் தேவைப்படாது.

டோல்மா என்பது தாரா தேவியின் திபெத்தியப் பெயர். லா என்றால் கணவாய். உச்சியில் கொடித் துணிகள் சுற்றிய பெரும்பாறை ஒன்று நிற்கிறது. அங்கே யாரும் வெகுநேரம் தங்குவதில்லை. அந்த உயரத்தில் ஓய்வும் உடலுக்கு ஓய்வாக அமையாது. மறுபக்கம் இறங்கத் தொடங்கியதும் பள்ளத்தில் கௌரிகுண்டம் தெரிகிறது. செங்குத்தான பாறைச் சரிவில் குதிரையேறி வந்தவர்களும் இறங்கி நடந்தாக வேண்டும். பள்ளத்தாக்கை எட்டியபின்னும் சுதுல்புக் மடம் வரை நீண்ட நடை இருக்கிறது. அன்றைய மொத்தத் தூரம் 20 கிலோமீட்டருக்கு மேல். மூன்றாம் நாள் எளிய நடையில் தார்ச்சென் திரும்பினால் வலம் நிறைவு.

ஏறாத மலை

கயிலை ஏற முடியாத மலை என்பதால் ஏறப்படாமல் இருக்கவில்லை. அதைவிட 2,000 மீட்டர் உயர்ந்த மலைகளில் மனிதர் ஏறியிருக்கிறார்கள். 1980-களில் இத்தாலிய மலையேறி ரைன்ஹோல்ட் மெஸ்னருக்கு அதில் ஏறும் வாய்ப்பு வந்தது, அவர் ஏற்கவில்லை. 2001-இல் ஸ்பானியக் குழு ஒன்று ஏற முயல்வதாகச் செய்தி வந்ததும் பல நாடுகளிலிருந்து எதிர்ப்பு எழுந்தது. மலையில் ஏற அனுமதி இல்லை என்று சீன அரசு அறிவித்தது.

உலகின் மூன்றாவது உயர்ந்த சிகரமான 8,586 மீட்டர் காஞ்சன்ஜங்காவிலும் இதற்கு ஓர் ஒப்புமை உண்டு. 1955 மே 25 அன்று ஜார்ஜ் பேண்டும் ஜோ பிரவுனும் அதன் உச்சிக்குச் சில அடி கீழே நின்று திரும்பினார்கள். சிக்கிம் மக்களுக்குப் புனிதமான உச்சியில் கால் வைப்பதில்லை என்று முன்கூட்டியே கொடுத்த வாக்கு அது. பின்னால் வந்த பல குழுக்களும் அந்த வாக்கைக் காத்தன.

மலையேற்றத்தின் நவீன வழக்கில் உச்சி நாளின் வெற்றி உச்சியில் கால் பதிவதால் அளக்கப்படுகிறது. கயிலைப் பயணத்தின் உச்சி நாளுக்கு அளவு வேறு: கணவாயைக் கடந்து, மலையை வலப்பக்கம் வைத்தபடியே சுற்றி முடிப்பது. தலையால் நடந்த அம்மையாரும், அதிகைக்கு வெளியே இரவைக் கழித்த சுந்தரரும், பாதி வழியில் திருப்பப்பட்ட நாவுக்கரசரும் தமிழில் அந்த அளவுக்கு முன்பே இலக்கணம் வகுத்துவிட்டிருந்தார்கள்.